வால்பாறைப் பாதையில் பெரிய சிலந்திகள்

வால்பாறையில் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே எஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளின் ஓரத்தில், மழை ஓய்ந்த மாதங்களில் நடப்பவரை முதலில் நிறுத்துவது பெரிய மரச்சிலந்தி. 1793-இல் ஃபெப்ரீசியஸ் விவரித்த நெபிலா பிலிப்பெஸ் இதுதான். பெண்ணின் உடல் 3 முதல் 5 செ.மீ. வரை வளரும், விரித்த கால்களையும் சேர்த்தால் கையகலத்தைத் தாண்டும். ஒட்டடைக்கோலுக்கு அடங்கும் வீட்டுச் சிலந்திகளையே பார்த்துப் பழகியவருக்கு, இவ்வளவு பெரியது கொடிய விஷமாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் மனிதருக்கு இதனால் ஆபத்து இல்லை. சீண்டினால் கடிக்கும், வலிக்கும், அவ்வளவுதான்.

இதை அடையாளம் காண உடலைவிட வலையே உதவும். சாய்வெயில் படும்போது இழைகள் பொன்மஞ்சளாக மின்னும். ஒரு மீட்டருக்கும் மேல் அகன்ற வலையின் மையம் நடுவில் இல்லாமல் மேல் விளிம்பை ஒட்டி இருக்கும். அங்கே பெண் சிலந்தி தலைகீழாகத் தொங்கும். கரிய வயிற்றில் நீளவாக்கில் மஞ்சள் கோடுகள், கால் மூட்டுகளில் மஞ்சள் புள்ளிகள்.

வழக்கமாகச் சச்சரவு எழுவது இந்த வலையின் முன்தான். செம்பழுப்பில் ஒரு சிறு சிலந்தி பெண்ணுக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். நகரத்திலிருந்து வந்தவர்கள் அதைக் குட்டி என்பார்கள். “குட்டி இல்லீங்க, அதோட வீட்டுக்காரர்” என்று உள்ளூர் வழிகாட்டி சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்; கேலி செய்கிறார் என்று முறைத்துக்கொள்பவரும் உண்டு. வழிகாட்டி சொல்வதே சரி. ஆணின் உடல் ஏறத்தாழ அரை செ.மீ. அளவுதான். அதே வலையில் பாதரசத் துளிபோல் மின்னுபவை இதன் உறவே அல்ல. அவை ஆர்ஜிரோடஸ் என்னும் திருட்டுச் சிலந்திகள். பெரியவள் கண்டுகொள்ளாத சிறு இரைகளைச் சுருட்டிக்கொண்டு போகும்.

வலை பின்னும் இன்னொரு சிலந்தியான ஆர்ஜியோப்பில் குழப்பத்துக்கு இடம் குறைவு. கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல் அமர்ந்திருக்கும். வலையிலும் வெள்ளைப் பட்டில் கோணல்மாணலாகப் பட்டைகள் நெய்திருக்கும். அவை பூச்சிகளை ஈர்க்கவா, பறவைகளை எச்சரிக்கவா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை.

வலையே பின்னாத பெரியவற்றை இருட்டிய பிறகுதான் தேட வேண்டும். நெற்றியில் கட்டிய டார்ச்சின் ஒளியில் தரையில் பச்சையாக மினுக்கும் கண்கள் ஓநாய்ச் சிலந்தியுடையவை. முட்டைப் பையை அது பின்புறத்தில் ஒட்டி இழுத்துச் செல்லும். குஞ்சுகள் பொரிந்ததும் முதுகில் ஏற்றிக்கொள்ளும். தங்கும் விடுதியின் குளியலறைச் சுவரில் தட்டையாக அப்பிக்கிடந்து அலறவைப்பது பெரும்பாலும் ஹெட்டரோபோடா என்னும் சிலந்தி. அதன் முட்டைப் பை வில்லைபோலத் தட்டையானது. அதை வயிற்றுக்கடியில் அணைத்தபடி திரியும். கரப்பான் பூச்சிகளைத் தின்னும் இதைச் செருப்பால் அடிப்பது விடுதிக்காரருக்குத்தான் நஷ்டம்.

மயிர் அடர்ந்த டரான்டுலா வகைகளின் நச்சுப்பற்கள் இடுக்கிபோல் எதிரெதிராகச் சேராமல், இரண்டும் இணையாகக் கீழ்நோக்கி இறங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மரப்பொந்துகளில் வாழும் பொயிசிலோதேரியா இனங்கள் இவ்வகையே. இவற்றின் கடி கடும் வலியும் தசைப்பிடிப்பும் தரும் என்பதால் பொந்தில் விரல் விடக்கூடாது. இவற்றின் உறவினம் ஒன்று ராமேசுவரம் பகுதியின் வறண்ட மரத்தோப்புகளிலும் வாழ்கிறது. ஹனுமவிலாசுமிகா என்று 2004-இல் பெயரிடப்பட்ட அது இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. வளர்ப்புப் பிராணி வணிகத்துக்காகப் பிடிப்பதால், 2019-இல் இப்பேரினம் முழுவதும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

படம் எடுப்பவர் முதுகோடு நிறுத்தாமல், வயிற்றின் அடிப்புறத்தையும் வலை முழுவதையும் எடுத்துவைப்பது நல்லது. அப்படியும் பல சிலந்திகளுக்குப் பேரினம் வரைதான் சொல்ல முடியும். இனத்தை உறுதிசெய்ய, முதிர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும்.