படலையில் ஒரு குரல்

எடுத்த காரியத்தை முதல்நாள் வானளாவப் புகழ்ந்து, மூன்றாம் வாரத்தில் அதன் பெயரையே மறந்துவிடுவோரை ஆரம்பசூரர் என்று நம்மவர் பரிகசிப்பதுண்டு. அத்தகைய சூரர்களைக் கூட்டமாகக் காணத்தக்க இடம் யாதென வினவின், தேகப்பயிற்சி வகுப்பு என்றே நாம் விடை கூறுவோம். முதல்நாள் புதுச் சப்பாத்தும் புதுத் தண்ணீர்ப் போத்தலுமாக முப்பது பேர் வருவர். மூன்றாம் வாரம் பத்துப் பேர் வருவர். அதன்பின் ஒரு மாலை மழை தூறினாற் போதும். பயிற்றுவிப்பவரும் மைதானத்தில் மேயும் மாடுகளுமே எஞ்சுவர்.

வைராக்கியத்தைப் பெரியோர் மூன்றாக வகுத்தனர். புராணங் கேட்கையில் உண்டாவது புராண வைராக்கியம். நோவெடுக்கையில் உண்டாவது பிரசவ வைராக்கியம். சுடலையில் நிற்கையில் உண்டாவது மயான வைராக்கியம். மூன்றுமே நெடுநாள் நில்லாதவை. இவற்றோடு நான்காவதாகக் கிளினிக் வைராக்கியம் என்று ஒன்றைச் சேர்க்கலாம் என்பது எமது துணிபு. இரத்தத்திற் சீனி கூடிவிட்டதென்று டாக்டர் சொன்ன மாலையில் அது பிறக்கின்றது. அடுத்த கலியாண வீட்டுப் பந்தியில் மறைகின்றது.

வன்னி மண்ணிலே தேகப்பயிற்சிக்கென ஒரு வகுப்பு வேண்டுமோ என்று முதியோர் கேட்பது நியாயமே. அவர்கள் காடு வெட்டிக் கழனியாக்கியவர்கள்; அருவி வெட்டிச் சூடு மிதித்தவர்கள். இன்றோ இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் பலநாள் வேலையை அறுவடை இயந்திரம் ஒரே பகலில் முடித்துவிடுகின்றது. கூப்பிடு தூரத்துக் கடைக்கும் மோட்டார்ச் சைக்கிளிலேயே போகின்றோம். எம்மைப் போன்ற ஆசிரியரும் அலுவலகத்தாரும் கதிரையிலேயே பொழுதைக் கழிக்கின்றோம். உழைப்பு அகன்ற வீட்டிலே நீரிழிவும் இரத்த அழுத்தமும் குடிபுகுகின்றன. சுகாதார அமைச்சு 2011 ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இவற்றை இலவசமாகப் பரிசோதித்துக் கொள்ளலாம். பரிசோதனையின் பின் செய்யவேண்டியது என்ன? வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமாக உடலை வருத்துதல் வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாயினும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வகுத்த அளவு இது. ஐந்து நாளைக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு அரைமணி நேரம். கணக்கு எளிது, அந்த அரைமணி நேரத்துக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுவதே அரிது.

கிளிநொச்சியில் எமது அயலவர் சிலர் ஒன்றுகூடி, உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலில் வாரத்தில் மூன்று மாலை பயின்று வருகின்றோம். இது நான்காவது ஆண்டு. வரவு இடாப்பைப் புரட்டிப் பார்க்குங்கால் ஓர் உண்மை புலனாகின்றது. நிலைத்து வருபவர்கள் மனவுறுதி மிக்கவர்கள் அல்லர். வழியிற் போகும் ஒருவர் தம் வீட்டுப் படலையில் நின்று கூப்பிடும் பாக்கியம் பெற்றவர்களே. "அக்கா, வெளிக்கிட்டியளே?" என்ற குரலுக்குள்ள வலிமை எந்த உபதேசத்துக்கும் இல்லை. உள்ளேயிருக்கும் சோம்பலுக்கு ஆயிரம் நியாயம் சொல்லலாம். வெளியே காத்து நிற்பவருக்கு ஒரு நியாயஞ் சொல்லவும் நா எழாது.

இதனைக் கண்டபின், ஒரே ஒழுங்கையில் வசிப்போரை இருவர் இருவராகச் சோடி சேர்த்தோம். சோடி சேர்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒட்டோ கோலர் என்ற ஜேர்மானிய உளவியலாளர் 1920களில் பேர்லின் படகோட்டிகள் சிலரைப் பாரந் தூக்கவைத்து ஆராய்ந்தார். வலிமை குறைந்தவர், தனியே தூக்கியபோது தாங்கியதைவிடத் துணையோடு தூக்கியபோது அதிகம் தாங்கினார். தம்மால் மற்றவருடைய முயற்சி கெடலாகாதென்ற எண்ணமே அதற்குக் காரணம் என்பர். ஆயினும் இருவர் வலிமைக்கும் இடையிலுள்ள வேற்றுமை மிதமாக இருந்தபோதே அந்தப் பயன் மிகுந்தது. ஆகவே, உதைபந்தாட்ட வீரனுக்கு ஓய்வூதியரைச் சோடியாக்குதல் இருவருக்கும் தண்டனையே.

யப்பானியரிடமும் நாம் ஒன்று கற்றோம். அந்நாட்டு வானொலி 1928 ஆம் ஆண்டில் உடற்பயிற்சி ஒலிபரப்பைத் தொடங்கியது. உலகப் போரின் பின் சில ஆண்டுகள் தடைப்பட்ட அது, 1951 இல் மீண்டும் உயிர்பெற்றது. இன்றும் காலை 6.30 மணிக்கு அந்த இசையைக் கேட்டுப் பூங்காக்களிலே முதியோர் கூடுகின்றனர். கோடை விடுமுறையிற் சிறுவர்கள் ஓர் அட்டையோடு வந்து, வந்த நாளுக்கு ஒரு முத்திரை பெறுகின்றனர். நாமும் அவ்வாறு அட்டை அடித்தோம். பேரப்பிள்ளை கண்ட ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், தமக்கு ஒரு முத்திரை விடுபட்டதென்று பயிற்றுவிப்பவரோடு வாதாடியதைக் கண்டபோது, மனிதர் எந்த வயதிலும் மாணவரே என்பது எமக்கு விளங்கியது.

எனினும் இதற்காக யப்பான் வரை போகவேண்டியதில்லை. முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்து ஆடியோர் பகலில் வயலில் உழைத்து, இரவிற் கூத்துப் பழக வந்தனர். அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தாயிற்று. தாம் வராவிடின் தமது பாத்திரத்தை ஏற்க ஆளில்லை. இவ்விரண்டுமே அவர்களை அழைத்து வந்தன. தேகப்பயிற்சி வகுப்பும் ஆண்டுக்கொரு முறையாவது பலர் முன்னிலையில் ஒரு நிகழ்ச்சியைச் செய்துகாட்டுமாயின் வருவோர் குறையார்.

காலத்துக்கும் இசைந்து நடத்தல் வேண்டும். காலபோக விதைப்பிலும் அறுவடையிலும் விவசாயி வராததைக் குறையென எழுதலாகாது. அவர் உடல் அன்றன்றே உழைத்துவிடுகின்றது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் சனசமூக நிலையத்து மண்டபம் வேண்டும். வற்றாப்பளைப் பொங்கலன்று வகுப்பு வைப்பவர் வெறும் மைதானத்துக்கே பயிற்சி கொடுப்பார்.

ஒருநாள் தவறியதும் "இனியென்ன" என்று நின்றுவிடுவோரும் உளர். 21 நாளிற் பழக்கம் கைகூடும் என்பது பலரும் சொல்லும் பேச்சு. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010 இல் வெளியிட்ட ஆய்வோ, புதுப் பழக்கம் தானாகவே நிகழும் நிலையை அடைய நடுக்கணக்காக 66 நாட் சென்றதென்று காட்டியது. சிலருக்கு 18 நாளே போதும். சிலருக்கு 254 நாள் வரையும் வேண்டும். இடையில் ஒருநாள் தவறியதால் பெருங்கேடு விளையவில்லை என்பதும் அதன் முடிபுகளுள் ஒன்று. ஆகவே தவறிய நாளை விட்டுவிட்டு மறுநாள் வருக.

இவையனைத்தும் உடலைப் பற்றியவை. உள்ளத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டியுள்ளது. எமது வகுப்பிலே ஐம்பது வயது கடந்த அம்மையார் ஒருவர் உளர். 2009 இல் தம்மவரை இழந்து, மீள்குடியேறிய காலந்தொட்டுத் தனியே வாழ்பவர். பின்வரிசையில் நின்று பயின்று, பேசாது வீடு திரும்புவார். ஒரு புதன்கிழமை அவர் வரவில்லை. வழக்கம்போற் படலையில் நின்று கூப்பிட்ட அவருடைய சோடிக்காரி, மறுமொழி இல்லாமையால் உள்ளே சென்றார். அம்மையார் விறாந்தையில் வியர்த்துச் சோர்ந்து கிடந்தார். நீரிழிவுக் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாதிருந்ததால் சீனி இறங்கிவிட்டது. நினைவு தப்பவில்லை, சீனித் தண்ணீரைப் பருகக் கொடுத்து, முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். நலமாகித் திரும்பியவர் எம்மிடம் சொன்னது இது: "இவ்வளவு காலமும் நான் வரேல்லை எண்டு ஆர் என்னைத் தேடினது, சேர்?"

அன்று முதல் வரவு இடாப்பை நாம் வேறு கண்கொண்டு பார்க்கின்றோம். இடப்பெயர்வு எம்மிடமிருந்து பறித்தவற்றுள் வீடும் நிலமும் கணக்கில் ஏறின; அடுத்த வளவிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பல ஊர்களிலிருந்து வந்து அயலவரானோர் மீண்டும் ஒருவரையொருவர் தேடப் பழகுவதற்கு, வாரத்தில் மூன்று மாலை கைகால் அசைப்பதும் ஒரு வழியாயிற்று.

ஆதலின், வகுப்பு நடத்துவோருக்கு நாம் சொல்லக்கூடியது சிறிதே. வந்தவரை எண்ணுமுன் வராதவரைத் தேடுங்கள். கால் இழந்தவருக்குக் கதிரையிலிருந்தே செய்யும் பயிற்சியை வகுத்து, வரிசையில் அவருக்கும் ஓர் இடம் வையுங்கள். நீரிழிவுக்கு மருந்தெடுப்போர் இனிப்பு ஏதேனும் கையில் வைத்திருக்கட்டும்; நெஞ்சு நோவு கண்டவர் அக்கணமே பயிற்சியை நிறுத்தி வைத்தியரை நாடட்டும்.

வாசக அன்பர்களே, நாளை மாலை நீங்களும் வெளிக்கிடுவீர்களாயின் உங்கள் வைராக்கியத்தை மட்டும் நம்பிப் போகவேண்டாம். போகும் வழியில் ஒரு படலையில் நின்று, ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அடுத்தமுறை நீங்கள் சோம்பியிருக்கும்போது உங்கள் படலையில் அந்தக் குரல் கேட்கும்.