ஏலத்துக்கு எரியும் டீசல்

விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த வரிவிலக்கு டீசல் 19,000 லிட்டராக உயரும் என்று 2023-இல் மண்டபத்தில் முதல்வர் அறிவித்தார். "அம்புட்டு டீசலும் எங்க போவுதுன்னு தெரியணுமா? தடைக்காலத்துல வாங்க" என்றார் நாகப்பட்டினம் நண்பர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் தொழிலுக்குப் போகக் கூடாது. படகுகளுக்கு வைத்தியம் நடப்பது அப்போதுதான்.

அக்கரைப்பேட்டையில் கரையேறி நின்ற படகுகளின் அடிவயிற்றைப் பார்த்ததுமே பாதி விடை கிடைத்துவிட்டது. பாசியும் சிப்பியும் அப்பிக் கிடந்தன. சொரசொரத்த அடிப்பாகத்தைத் தண்ணீர் பிடித்து இழுக்கும். பழைய வேகம் வேண்டுமென்றால் எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும். ஆட்கள் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். படகு கட்டும் ஓடாவிகள் பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரியை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

நண்பர் என்னை நேரே புரொப்பல்லர் பட்டறைக்குக் கூட்டிப்போனார். மேஸ்திரிக்கு அறுபதை நெருங்கும் வயது. மாமனாரிடம் தொழில் படித்தவர். 2004 சுனாமி பட்டறையை வாரிக்கொண்டு போனபின், சேற்றைத் தோண்டி அவர் முதலில் தேடியது இரண்டு இரும்புச் சட்டங்களை. "இது ரெண்டும் இல்லாட்டி நான் வெறும் சுத்தியல்காரன் தம்பி" என்றார்.

மேல்விளிம்பு கத்திபோல் தீட்டிய சட்டங்கள் அவை. ரசமட்டம் வைத்து இரண்டையும் சமமாக நிறுத்துகிறார். புரொப்பல்லரின் நடுத்துளையில் தண்டைச் செருகி விளிம்புகளின் மேல் வைக்கிறார். அது மெல்ல உருண்டு, கனமான இறக்கை கீழே வந்து நிற்கிறது. அதில் சாக்பீஸ் கோடு. பிறகு அரம். பித்தளைத் தூள் மடியில் உதிர, மறுபடி சட்டத்தின்மேல். எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் விட்ட இடத்திலேயே நிற்கும்வரை இதேதான். இறக்கைகளின் சாய்வும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். "ஒரு றெக்கை கட்டையில அடிபட்டு வளைஞ்சாப் போதும், படகே அதிரும். டிரைவர் இன்னும் முறுக்குவான். கரும்புகைதான் வரும்." கியர் விகிதத்தைப் பற்றியும் நீளமாக விளக்கினார். எனக்குப் பிடிபடவில்லை, விட்டுவிடுகிறேன்.

அங்கே உட்கார்ந்திருந்த படகு டிரைவரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்டேன். திரும்பும்போது எட்டு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு எட்டு கடல் மைல், வருவாராம். ஏழுக்குக் குறைத்தால்? வேகம் கூடும்போது அதற்கு வேண்டிய சக்தி ஏறக்குறைய வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 30 கடல் மைல் தூரத்துக்குக் கணக்குப் போட்டால், ஒரு நாட் குறைத்தாலே அந்த ஓட்டத்துக்கான டீசலில் கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சமாகும். கரை சேர அரைமணி நேரம் பிந்தும், அவ்வளவுதான்.

"அந்த அரைமணியிலதான் சார் விலை போயிரும்" என்றார் டிரைவர். ஏலத்துக்கு முதலில் வரும் படகின் மீனுக்கு ஒரு விலை, கூட்டம் சேர்ந்தபின் வருவதற்கு வேறு விலை. முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே மீனைப் போட வேண்டிய படகுக்குப் பேரம் பேசவும் வழியில்லை. அவருக்குக் கமிஷன் தனி. அதனால் முறுக்குகிறார்கள். அந்த டீசல் யார் கணக்கில்? டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மிஞ்சியதைத்தான் உரிமையாளரும் ஆட்களும் பங்கு போடுகிறார்கள். வலை இழுத்தவனின் பங்கும் சேர்ந்துதான் புகையாகிறது. கமிஷன்காரருக்கு ஒரு சொட்டு நட்டமில்லை.

கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2016-இல் சாகர் ஹரிதா என்ற எரிபொருள் சிக்கனப் படகைக் கடலில் இறக்கியது. நல்ல காரியம். ஆனால் எந்தப் படகானாலும் ஏலத்துக்கு முந்தி ஓட வேண்டியிருந்தால் சிக்கனம் எங்கே நிற்கும்? லிட்டரை உயர்த்துகிற அரசு, வட்டியில்லா முன்பணத்துக்கும், பிந்தி வந்தாலும் சரிந்துவிடாத அடிப்படை விலைக்கும் வழி செய்யட்டும். டிரைவர் தானாகவே வேகத்தைக் குறைப்பார். இப்போதைக்கு மேஸ்திரியின் கூலியே கடனில் நிற்கிறது. தடை முடிந்து முதல் பாடு வந்து, வியாபாரி தன் பாக்கியைக் கழித்துக்கொண்ட பிறகுதான் அது கைக்கு வரும்.