பெரியம்மா சொல்லாத பாதி

எங்க பெரியம்மா திருமங்கலத்தில் யாரைப் பார்த்தாலும் சொல்வாங்க: "எம்மக டிஃபென்ஸ்ல கவர்மெண்ட் வேலை." பக்கத்தில் இருந்தா அக்கா மெதுவா திருத்துவா: "கவர்மெண்ட் கம்பெனிம்மா. நான் காண்ட்ராக்ட்." அந்த இரண்டாவது பாதி எங்க தெருவைத் தாண்டினதே இல்லை.

அக்கா ஏவுகணை எதுவும் செய்யலை. ராணுவத்துக்குப் போகிற ஒரு கருவி இன்னைக்கு எந்தக் கட்டத்தில் நிக்குதுன்னு பார்த்துக்கறதுதான் வேலை. என்ன கருவின்னு அவ சொல்ல மாட்டா, நானும் கேட்க மாட்டேன். போனை கேட்லயே வாங்கி வச்சிடுவாங்களாம். உள்ளே போனா சார்ட்டைத் திருத்தணும், மீட்டிங் மினிட்ஸ் எழுதணும், சின்னச் சின்ன சப்ளையர்களைக் கூப்பிட்டு "பார்ட் எப்ப வரும்?"னு கேட்கணும். இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு பார்ட் திரும்பி வந்தா, அதுக்குப் பின்னாடி இருக்கிற அத்தனை தேதியும் நகரும். எங்க அப்பா கப்பலூர் சிட்கோவில் லேத் வச்சிருக்கார். "நாளைக்கு வந்துடும் சார்"னு போனில் சொல்ற ஆள் அவர்தான். அதனால அக்கா படுற பாடு எனக்கு நல்லாவே புரியும்.

13 மார்க்குக்கு பெர்ட் சார்ட் படிச்சோமே, ஞாபகம் இருக்கா? அது 1958-ல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவானது. கிளாஸில் இது காதில் விழலை. அக்கா சொல்லித்தான் தெரியும்.

பொங்கலுக்கு வந்தப்போ மொட்டை மாடியில் சொன்னா: "டெலிவரிக்கு முன்னாடியே என் காண்ட்ராக்ட் முடிஞ்சிடும்டா. சார்ட்ல எல்லாத்துக்கும் ஒரு வரி இருக்கு. எனக்குத்தான் இல்ல." சிரிச்சிட்டேதான் சொன்னா. எனக்குச் சிரிப்பு வரலை.

ஏன்னா நானும் அந்த வரிசையில் நிக்கலாமான்னு பார்த்துட்டிருக்கேன். கையில் ஒரு ஐடி ஆஃபர் இருக்கு. இன்னொரு பக்கம், பாரத் எலக்ட்ரானிக்ஸ் ட்ரெய்னி இன்ஜினியர் அறிவிப்புகள்: முதல் வருஷம் மாசம் 30,000 ரூபாய், அடுத்து 35,000, நீட்டிச்சா 40,000. மூணு வருஷத்தோட சரி. 2019-ல் தொடங்கின தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சின்னு அஞ்சு ஊர் உண்டு, மதுரை கிடையாது. எப்படியும் பஸ் ஏறணும்.

"மறுபடி சான்ஸ் கிடைச்சா இதே வேலைக்குப் போவியா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. "போவேன். ஆனா முதல் மாசத்திலேர்ந்தே அடுத்த வேலைக்குப் படிப்பேன். நான் மூணாவது வருஷம்தான் முழிச்சேன்."

ரிசல்ட் வந்ததும் அப்ளை பண்ணப் போறேன். அப்பாகிட்ட காண்ட்ராக்ட்னு சொல்லியாச்சு. பெரியம்மாகிட்ட இன்னும் சொல்லலை. சொன்னா சாயங்காலத்துக்குள்ள நானும் கவர்மெண்ட் ஆயிடுவேன்.