மூலையில் ஒரு சொட்டு

லேக் மார்க்கெட் அருகே ஒரு மாடி வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். வீட்டுக்கார மாசிமாவின் கூடத்தில் பழைய மீன்தொட்டி ஒன்று உண்டு. இன்று கடல் கடந்து வாழும் மகன் பள்ளிநாளில் வாங்கியது. அதில் நான்கு கொல்ஷே மீன்கள். சென்ற ஆடியில் ஒரு காலை, தொட்டியின் அடிமூலையில் ஒரு சொட்டு நீர் நின்றது. துடைத்தேன்; மீண்டும் நின்றது.

மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 125 லிட்டர். எடையும் 125 கிலோ. அத்தனையும் கீழ்வீட்டார் தலைக்கு மேல்! பொறியியல் படிப்பவன் என்ற இறுமாப்பில், நீரைச் சற்று இறக்கிப் பழைய பசையின் மேலேயே புதுப்பசையைத் தடவினேன். மூன்றாம் நாள் சொட்டு திரும்பி வந்தது.

ஞாயிறன்று காலிஃப் தெருச் சந்தைக்குப் போனேன். மீன்கடைக்காரர் சிரித்துவிட்டார். பழைய சிலிக்கோன் மேல் புதியது பிடிக்காதாம். முழுவதும் சுரண்டி, வெறுங் கண்ணாடியில் பூச வேண்டுமாம். குளியலறைக்கென்று பூஞ்சை மருந்து கலந்து விற்பது மீனுக்கு நஞ்சாம்.

“எடுத்துப் போட்டுவிடலாமா, மாசிமா?” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே சென்று ஒரு பிளேடைக் கொண்டுவந்து நீட்டினார்.

மீன்கள் வாளிக்குப் போயின. கொல்ஷே மேலே வந்து காற்றைக் குடிக்கும் இனம், ஆகவே அஞ்சவில்லை. இரண்டு இரவுகள் இருவரும் சுரண்டினோம். புதுப்பசையின் காடி நெடி மூக்கைத் துளைத்தது. நண்பர்களே, நாம் நாள்தோறும் சபிக்கும் கொல்கத்தாவின் ஈரக்காற்றுதான் அப்பசையை இறுகச் செய்கிறது!

ஒரு வாரம் பொறுத்து அரைத்தொட்டி நீர் விட்டோம். உயரம் பாதியானால் பக்கக் கண்ணாடியைத் தள்ளும் விசை கால்பங்குதான். மாசிமாவுக்கு என் கணக்கில் நம்பிக்கை இல்லை. அடியில் செய்தித்தாள் விரித்து, காலைதோறும் அதைத் தடவிப் பார்க்கிறார்.