எண்ணுவோரும் எழுத்தறிவோரும்

சிந்துவெளிக் குறிகள் குறித்து 2009ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த சிறு கட்டுரைக்கு ஆசிரியர் அறுவர். முதற்பெயருக்குரிய ராஜேஷ் ராவ் கணினி அறிவியலர். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் மயங்க் வாஹியா வானியற்பியலர். இறுதிப்பெயர் ஐராவதம் மகாதேவனுடையது.

இறுதியில் நின்றவர் அமைத்த தளத்தின்மீதே ஏனையோரின் கணக்கு எழுந்தது. 1977இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட அவரது தொடரடைவு, 2906 பொருள்களில் காணப்படும் பொறிப்புகளை 417 குறிகளாக வகுத்துத் தந்தது. மீன் வடிவினுள் ஒரு கோடு கூடினால் அது வேறு குறியா, அதே குறியின் திரிபா? இதனைத் தீர்மானித்தது பிராமிக் கல்வெட்டுகளில் பழகிய கண். அஸ்கோ பர்ப்போலாவின் குறிப்பட்டியல் இதனின்றும் வேறுபடுகிறது என்பது கருதத்தக்கது. பட்டியல் மாறின் கணக்கின் அடிப்படையும் மாறும்.

ஒரு குறியை அடுத்து எக்குறி வரும் என்பதில் எத்துணைக் கட்டுப்பாடு, எத்துணை நெகிழ்ச்சி உண்டு என்பதை அறுவரும் அளந்தனர். ஒப்பிட எடுத்துக்கொண்ட மொழிகளுள் பழந்தமிழும் ஒன்று. சிந்துக் குறிவரிசை மொழிகளின் போக்கை ஒத்துள்ளது என்பதே அவர்தம் முடிவு. எம்மொழி என அஃது உரைக்கவில்லை. (தமிழ் மேடைகளில் இவ்வேறுபாடு பல வேளைகளில் மறக்கப்படுகிறது.) மொழியல்லாத குறித்தொகுதிகளும் இத்தகைய அளவைக் காட்டக்கூடும் என ரிச்சர்டு ஸ்ப்ரோட் முதலியோர் மறுத்தனர். அம்மறுப்பும் எண்களைக் கொண்டே நிகழ்ந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஊகத்தை ஊகத்தால் எதிர்கொண்டுவந்த ஒரு துறைக்கு இது சிறிய பேறன்று.

இத்தகைய உழைப்பைப் பல்கலைக்கழகங்கள் மதிப்பிடும் முறைதான் இடர்ப்பாடு. இருவருக்கு மேற்பட்டோர் எழுதிய கட்டுரையில் முதன்மை ஆசிரியருக்கு 70 விழுக்காடும், உடனாசிரியர் ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடும் மதிப்பெண் என மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறை வகுத்தது. மகாதேவன் இந்திய ஆட்சிப் பணியிலிருந்து 1980இலேயே விலகியவர். பதவி உயர்வுக் கணக்கு அவரைத் தொடவில்லை. பணிநிலை உறுதிப்படாத இளம் தமிழாய்வாளர் ஒருவர் பிறர் கணக்கிடுவதற்கான தரவைத் தொகுப்பதில் பத்தாண்டுகளைச் செலவிடத் துணிவாரா?

சங்கப் பாடல்களின் பாடவேறுபாடுகளைச் சுவடிவாரியாகக் குறித்து, ஐயப்பாடுகளையும் மறையாது பதிந்து, கணினி ஏற்கும் வடிவில் தரும் பணியை முனைவர் பட்ட ஆய்வாகத் தமிழ்த்துறைகள் ஏற்கலாம். அதற்குப் புதிய நிதி வேண்டுவதில்லை. பாடத்திட்டக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.