மூன்று கால் ராணி



"டீச்சர், அந்த நொண்டிப் பூனைய ஏன் வச்சிருக்கீங்க?" என்று பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் கேட்கிறீர்கள். அதற்குத்தான் இந்தப் பதிவு.

ராணி யாருடைய பூனையும் இல்லை. போன வருடம் மழைக்காலத்தில், லயத்துக்குப் பின்னால் இருக்கும் மரக்கறித் தோட்டத்தில் கத்திக்கொண்டு கிடந்தது. காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி பின்னங்காலை இறுக்கியிருந்தது. கம்பியை வெட்டி எடுத்து, காயத்துக்கு மஞ்சள் பூசினோம். சின்னக் காயம்தானே என்று இருந்துவிட்டோம். அதுதான் பிழை. மூன்றாம் நாள் கால் குளிர்ந்து கறுத்துவிட்டது. கூடையில் வைத்து பஸ் ஏறி, பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். கம்பி இறுக்கி இரத்த ஓட்டம் நின்றிருந்தால், பாதிப்பு சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியுமாம். காலை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள்.

"இதுக்கு ஒரு ஊசி போட்டுக் கொன்னிருக்கலாம், பாவம்" என்றவர்களும் உண்டு. வந்து பாருங்கள். ராணி துள்ளித் துள்ளி ஓடும். சீமெந்துத் தரை வழுக்கும் என்று சாக்கு விரித்திருக்கிறோம். உடம்பு பெருத்தால் மற்றக் கால்கள் தாங்காது, ஆகவே சோறு அளவோடுதான். கால் இல்லாத பக்கத்துக் காதை அதனால் சொறிய முடியாது. இல்லாத காலைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும். அதை மட்டும் நாங்கள் சொறிந்துவிடுவோம். வேறு பெரிய வேலை ஒன்றுமில்லை.

கம்பி வைத்தவர் எங்களிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பா. அவரே வந்து தலை குனிந்து நின்றார். ஒரே இரவில் பன்றி கிளறிப்போட்ட பாத்திகளைக் காட்டினார். கோபப்பட முடியவில்லை. அந்தக் கம்பிகள் அங்கே இருப்பது எங்களுக்கும் முன்பே தெரியும். பன்றிக்குத்தானே என்று நாங்களும் பேசாமல் இருந்தோம்.

2020 மே மாதம் நல்லதண்ணி பக்கம், லக்ஷபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை சிக்கியதும் இப்படி ஒரு கம்பியில்தான். உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாளில் செத்துப்போனது. கம்பிக்குப் பன்றி எது, பூனை எது என்று தெரியாது.

பூனையைக் கட்டிப்போட்டுச் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாங்கள் இருவரும் வகுப்பில் எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருப்போம். கம்பி வைப்பதும் கட்டிப்போடுவதுதான் என்று அப்போது மனதில் படவில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். உங்கள் தோட்டத்தைச் சுற்றிக் கம்பி இருந்தால் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். பன்றித் தொல்லைக்கு என்ன செய்யலாம் என்று எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். கம்பியில் சிக்கிய பூனையையோ நாயையோ கண்டால், வெட்டிவிட்டதோடு விட்டுவிடாமல் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். நாங்கள் மூன்று நாள் தாமதித்தோம். அதற்கு ராணி ஒரு காலைக் கொடுத்தது.

அந்த அப்பா தன் கம்பிகளை எல்லாம் கழற்றிவிட்டார். அவருடைய மகள் இப்போது பாடசாலை விட்டதும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள், ராணியின் காதைச் சொறிந்துவிட.