கூலியா, சன்மானமா?

மருந்துக் கடையில் நாம் குறைந்த விலைக்கு வாங்கும் மாத்திரைப் பட்டைக்குப் பின்னால் சில மனிதர்கள் நிற்கிறார்கள் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு மருந்தைக் கண்டுபிடித்த நிறுவனத்தின் காப்புரிமைக் காலம் முடிந்ததும், பிற நிறுவனங்கள் அதே மருந்தை மலிவாகச் செய்து விற்க முன்வருகின்றன. புதிதாகச் செய்த மாத்திரையும் மூல மாத்திரையைப் போலவே இரத்தத்தில் கலக்கிறதா என்று அரசு கேட்கிறது. அந்தக் கேள்விக்கு விடை அளிப்பவை எலியும் முயலும் அல்ல. பெரும்பாலும் 18 முதல் 45 வயது வரையுள்ள, நோயற்ற ஆண்கள். இரவு முழுவதும் பட்டினி கிடந்து, காலையில் ஒரு குவளைத் தண்ணீருடன் மாத்திரையை விழுங்கி, கையில் செருகிய குழலின் வழியே ஒரே நாளில் பலமுறை இரத்தம் கொடுக்கிறார்கள். உடலில் மருந்து முற்றும் கரைந்த பின், இன்னொரு நாள் வந்து மற்ற மாத்திரையை விழுங்கி மறுபடியும் அவ்வாறே செய்கிறார்கள். அதற்காகப் பணம் பெறுகிறார்கள்.

இவையெல்லாம் தமிழாசிரியனாகிய எனக்கு எப்படித் தெரிய வந்தன என்று வாசகர்கள் வியக்கலாம். இத்தகைய ஆய்வு ஒவ்வொன்றையும் ஓர் அறநெறிக் குழு முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தரவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி அக்குழுவில் ஏழு பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோருடன் மருத்துவம் அறியாத பொதுமனிதர் ஒருவரும் வேண்டும். இறையியல் கற்றவருக்கும் அங்கே இடமுண்டு. நான் பணி ஓய்வு பெற்றபின், பழைய நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால் ஒரு குழுவில் அந்தப் பொதுமனிதனாக அமர்ந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இலக்கணம் சொல்லிக் கொடுத்தவனை விதிகள் 'பாமரன்' என்று அழைக்கின்றன. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த நாற்காலியில் பாமரக் கேள்விகளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் செங்கற்பட்டுச் சீமைக்கு மனிதர்மீது மருந்தைச் சோதித்துப் பார்ப்பது புதிய செய்தியன்று. திருமணியிலுள்ள தொழுநோய் மருத்துவமனையை அறியாதார் இங்கு யார்? ஒரு காலத்தில் லேடி வில்லிங்டன் பெயரால் விளங்கி, 1955இல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமாக மாறிய இடம் அது. தாலிடோமைடு என்னும் மருந்தின் கதையில் அந்த இடத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1957இல் ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக விற்பனைக்கு வந்த அம்மருந்து, தாயின் கருவிலிருந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளை முடமாக்கிவிட்டு, 1961இல் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. பின்னர் ஜெருசலேமில் டாக்டர் ஷெஸ்கின் என்பவர், வலியால் கண்ணயர முடியாத ஒரு தொழுநோயாளிக்கு உறக்கம் வரட்டும் என்று மட்டுமே அதைக் கொடுத்தார். உறக்கமும் வந்தது, எதிர்பாராத வகையில் மேனியில் எழும்பியிருந்த கட்டிகளும் அடங்கின. இதை உறுதிசெய்ய உலகச் சுகாதார நிறுவனம் சில நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 1971இல் வெளிவந்தது. ஆண் நோயாளிகளை மட்டுமே அதில் சேர்த்தனர். அறிக்கையை எழுதியவர்களுள் செங்கற்பட்டின் டாக்டர் கே. இராமானுஜமும் ஒருவர்.

அதே காலத்தில், 1968 முதல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் காசநோய்த் தடுப்பூசியாகிய பி.சி.ஜி. சோதிக்கப்பட்டது. திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பதிவுசெய்து நடத்திய மாபெரும் ஆய்வு. வளர்ந்தோரின் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்து உலகமே திகைத்தது.

திருமணியில் மருந்தை உட்கொண்டவன் நோயாளி. பலன் கிடைத்தால் அவனுக்கே கிடைக்கும். பி.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்டவர்கள் தங்கள் வீட்டுக்கும் ஊருக்கும் நன்மை வரும் என்று கை நீட்டினார்கள். பணத்துக்காக மாத்திரை விழுங்கும் இளைஞனின் நிலையோ வேறு. அவனுக்கு நோயில்லை, ஆகவே மருந்தால் அவனுக்கு ஒரு பயனுமில்லை. பணம் மட்டுமே உண்டு.

இதனால் இந்த ஆய்வுகளே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அமைப்பு, பின்னாளில் நம் திருப்போரூர் வட்டாரக் கிராமங்களுக்கும் வந்து மனச்சிதைவு நோயுற்றோருக்குச் சிகிச்சை அளித்தது. ஆண்டுக்கணக்கில் மருந்து உண்ண வேண்டிய நோய் அது. மாத்திரை மலிவாகக் கிடைக்காவிட்டால் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் எத்தனை மாதம் தாங்கும்? மலிவு மாத்திரை நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமானால் யாரோ ஒருவர் அதை முதலில் விழுங்கித்தான் ஆக வேண்டும்.

ஆனால் மனத்தின்மேல் வேலை செய்யும் மருந்துகளை ஏனைய மருந்துகளோடு ஒன்றாக வைத்து எண்ண என்னால் இயலவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கச் செய்தவர் எந்தப் பேராசிரியரும் அல்லர். மாமல்லபுரத்தில் சிற்பக் கூடம் ஒன்றில் வேலை செய்யும் என் பழைய மாணவன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மாலை கடற்கரைக் கோயிலுக்குப் போகும் சாலையில் அவனைக் கண்டேன். உளி பிடித்துக் காய்த்துப்போன கை. முழங்கை மடிப்பில் ஊசித் தழும்புகள் தெரிந்தன. இரத்ததானமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். மழைக்காலத்தில் சுற்றுலாப் பயணிகள் குறைந்து கூடத்தில் வேலை இல்லாத வேளையில், நண்பன் ஒருவன் அழைத்துப் போனானாம். (அந்த நிலையம் எங்கள் குழுவின் பார்வையில் உள்ளதன்று.) முதலில் மூன்று இரவு தங்கல், பத்து நாள் கழித்து மறுபடியும் மூன்று இரவு. மொத்தம் பன்னிரண்டாயிரம் ரூபாய். சோதித்த மருந்து, பதற்றத்தைத் தணிப்பதற்காக மருத்துவர்கள் எழுதித் தரும் வகையைச் சேர்ந்தது.

"முதல் நாளே எழுந்து நின்னதும் கண்ணு இருட்டிடுச்சு சார். சுவரைப் பிடிச்சுக்கிட்டேன். நர்ஸம்மா படுக்கவெச்சு பிரஷர் பார்த்தாங்க."

"எப்போது வேண்டுமானாலும் விலகிப் போகலாம் என்று படிவத்தில் எழுதியிருக்குமே, தம்பி?"

"எழுதியிருந்துச்சு சார். ரெண்டாவது தடவையும் தங்கினாத்தான் முழுப் பணம்னும் எழுதியிருந்துச்சு." சற்று நேரம் பேசாமல் நடந்தான். பிறகு சொன்னான்: "பணம் இருக்கட்டும் சார். அங்க படுத்திருந்தப்போ போகணும்னே எனக்குத் தோணலை. பயமே இல்லை. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் பயம் வந்துச்சு. அப்போ ஏன் பயம் வரலைன்னு நெனைச்சா, இப்போ பயமா இருக்கு."

இந்த ஒரு வாக்கியத்தை நான் எந்த அறநெறிக் கையேட்டிலும் கண்டதில்லை. வயிற்றுப்புண் மருந்தைச் சோதிக்கும்போது, வயிறு வலித்தால் மூளை 'போதும்' என்று சொல்லும். பதற்றம் தணிக்கும் மருந்தைச் சோதிக்கும்போதோ, 'போதும்' என்று சொல்ல வேண்டிய அந்த இடத்தையே மருந்து தொட்டு உறங்க வைக்கிறது. எந்நேரமும் விலகலாம் என்னும் உரிமை காகிதத்தில் விழித்திருக்கிறது. உரிமைக்குரியவன் அமைதியாகப் படுத்திருக்கிறான்.

உலகில் நடந்தவற்றைப் பார்த்தால் இதன் கொடிய வடிவங்களும் தென்படுகின்றன. அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் 1935இல் திறக்கப்பட்ட போதை நோயாளர் சிறை மருத்துவமனையில், போதைக்கு அடிமையான கைதிகள்மீதே மயக்க மருந்துகளைச் சோதித்தனர். ஒத்துழைத்ததற்குப் பரிசாகத் தண்டனைக் குறைப்பையோ, அவர்கள் விரும்பிய அதே போதைப்பொருளையோ வழங்கினர். டாக்டர் ஹாரிஸ் இஸ்பெல் சிலருக்கு எல்.எஸ்.டி.யைத் தொடர்ந்து 77 நாள் கொடுத்திருக்கிறார். அடிமைக்குச் சம்பளமாக விலங்கையே கொடுத்தது போன்ற செயல்! 1970களின் நடுவில் அமெரிக்க செனட் சபை விசாரித்த பின்னரே கூட்டரசுச் சிறைகளில் இது நின்றது.

அண்மைக் காலத்தது பிரான்சின் ரென் நகரச் செய்தி. நம் மூளை தானாகவே சுரக்கும், கஞ்சாவை ஒத்த ஒரு பொருளுக்கு 1992இல் 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள், நம் ஆனந்தம்தான். அப்பொருள் சிதையாமல் தடுக்கும் புதிய மருந்தொன்றை 2016 ஜனவரியில் உடல்நலமுள்ள இளைஞர்களுக்கும் நடுவயதினருக்கும் கொடுத்துப் பார்த்தனர். தலைக்கு 1,900 யூரோ. 10ஆம் தேதி மாலை ஒருவர் நோயுற்று மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். மறுநாள் காலை அவருடைய குழுவினர் ஐவரும் வழக்கம்போல் மருந்தை உட்கொண்டனர். 17ஆம் தேதி முதலாமவர் இறந்தார். அந்தக் காலையை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. தம் தோழனின் படுக்கை வெறுமையாக இருப்பதை அவர்கள் அறிந்திருந்தால், நிறுத்தி யோசிக்க ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும் அல்லவா?

சம்மதம் தந்துவிட்டானே, பிறகென்ன என்று கேட்போர் உண்டு. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இதற்கு விடை சொல்லியிருக்கிறார். நரம்பு மண்டல ஆய்வாளர்களின் முதல் உலக மாநாட்டினரிடம் 1952 செப்டம்பரில் பேசுகையில், மனிதன் தன் உடலுக்கும் உள்ளத்துக்கும் முழு உரிமையாளன் அல்லன், பயன்துய்க்கும் உரிமை பெற்றவன் மட்டுமே என்னும் கருத்தை விளக்கினார். 1958இல், தாம் மறைவதற்கு ஒரு மாதம் முன்பு, மனநல மருந்தியல் அறிஞர்கள் உரோமையில் கூடியபோது அவர்களிடமும் இந்த நெறிகளைப் பற்றிப் பேசினார். குத்தகை நிலத்தை உழுது பயிரிடலாம். மண்ணைத் தோண்டி விற்கக் குத்தகைக்காரனுக்கு உரிமையில்லை. நம் ஊர் விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

என் மாணவனைக் கண்டு ஒன்றரை மாதம் சென்றிருக்கும். எங்கள் குழுவுக்கு வந்த கட்டுக்களில் உறக்க மருந்து ஒன்றின் ஆய்வுத் திட்டமும் இருந்தது. தமிழ்ப் படிவத்தைப் புரட்டினேன். முதல் தங்கலுக்குச் சிறு தொகை. மீதி முழுவதும் இரண்டாம் தங்கல் முடிந்த பிறகு. பணத்துக்கு அவர்கள் இட்டிருந்த பெயர் 'சன்மானம்'. புலவனுக்கு அரசன் தருவது சன்மானம். உடலைக் கிடத்தி இரத்தம் கொடுப்பவன் பெறுவது கூலி. கூலி என்று சொன்னால் கூலிக்காரனுக்குரிய நியாயமும் கூடவே வரும்: அரைநாள் வேலை செய்தவனுக்கு அரைநாள் கூலி.

தலைவராக இருந்த மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். பாதிப்பேர் இடையில் போய்விட்டால் எஞ்சியவர்கள் கொடுத்த இரத்தமும் வீணாகுமே என்றார். அதில் உண்மை இல்லாமலில்லை. தொகையை மிகவும் உயர்த்தினால் ஏழையை இழுக்கும் தூண்டிலாகும், மிகவும் குறைத்தால் சுரண்டலாகும் என்று இன்னொருவர் சொன்னார். வழக்கறிஞர் அம்மையார்தாம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகளை எடுத்துக் காட்டினார். ஆய்வினால் உடல்நலம் கெட்டு விலகுபவருக்கு முழுத் தொகை, வேறு காரணத்தால் விலகுபவருக்கு இருந்த அளவுக்கேற்ற தொகை. நாள் கணக்கில் கூலி என்று அன்றே திருத்தமாயிற்று. 'சன்மானம்' நீங்கி 'ஈட்டுத்தொகை' வந்தது. கூலி என்று எழுத நிறுவனத்தார் ஒப்பவில்லை.

என் மாணவன் சொன்ன வாக்கியத்தை, அவனுடைய பெயரும் ஊரும் கூறாமல், குழுவில் சொன்னேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. இரண்டாம் தங்கலுக்கு முன்பு, ஆய்வை நடத்தாத வேறொரு மருத்துவர், தொடர விருப்பமா என்று ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் கேட்க வேண்டும் என முடிவாயிற்று. விலகும் உரிமையை நல்ல தமிழில் நான்கு வரியாக எழுதித் தருமாறு என்னிடம் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தேன். அதை மாத்திரை விழுங்கிய பின் அன்று, விழுங்கும் முன்பு, முதல் நாள் மாலையிலேயே ஒவ்வொருவருக்கும் வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஓரத்தில் குறித்துக் கையொப்பமிட்டேன்.